நீங்கள் கடலில் போனீர்கள், நான் பஸ்ஸில் வந்தேன்

மாமா,

உங்கள் படகின் பாயை அக்கா களத்தில் விரித்து, அதன்மேல் மிளகு காயப்போட்டிருக்கிறாள். காலையில் நான் போனபோது வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஈர மிளகின் காரமும், அந்தத் துணிக்குள் இன்னும் போகாமல் இருக்கிற உப்பு வாடையும் சேர்ந்து ஒரு நெடி கிளம்பியது. நின்ற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உங்கள் விஷயத்தில் அந்த மரியாதையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

"என்னக்கா, இதுல போயி மிளகு காயப்போட்டிருக்கற?" என்று கேட்டேன்.

"நல்ல கனமான துணி கண்ணு. தார்ப்பாயை விட இதுல நொம்ப சீக்கிரம் காயுது," என்றாள்.

உங்கள் கடல் பயணத்தால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் உருப்படியான பலன் அதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அடக்கியதை எங்காவது கொட்டியாக வேண்டுமே, அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இந்த மலையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

எனக்கு உங்களைப் பிடிக்காது. அக்காவின் கல்யாணப் பந்தலில் நான் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்து, "ஏன் மாப்ளே, இது உங்கப்பன் வேட்டியா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தீர்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. அது அப்பாவின் வேட்டிதான். நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். உங்களுக்குச் சேலத்தில் பேங்க் உத்தியோகம். நான் எஸ்டேட் ரைட்டர். விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு மஸ்டர் போடுகிறவன். நீங்கள் எங்கள் ஊட்டுக்கு வந்த நாளெல்லாம், "ரைட்டர் சார், இன்னிக்கு எல்லாரும் உள்ளேன் ஐயாவா?" என்று கேட்காமல் செருப்பைக் கழற்றியதில்லை. மாமன் மச்சான் என்றால் கேலி இருக்கத்தான் செய்யும், எனக்கும் தெரியும். ஆனால் கேலி இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். உங்கள் கேலி ஒருவழிப் பாதை.

ரிடையர் ஆகி ஏற்காட்டு மலைக்கு, கரடியூருக்கு வந்தீர்கள். அக்கா பங்குக்கு வந்த காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். நீங்கள் தோட்டத்தையா பார்த்தீர்கள்? போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எந்த நாட்டுக்காரனோ சின்னப் பாய்மரப் படகில் ஒற்றையாளாகக் கரையோரமாகவே போகிற வீடியோ. ராத்திரி சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடல் ஓடிக்கொண்டிருக்கும். பாண்டிச்சேரியில் ஒரு கிளப்புக்குப் போய்ப் படகோட்டக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். வரும்போது பழைய ஆரஞ்சுப் பாய் ஒன்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு காப்பிக் கொட்டை அடுக்கி வைக்கிற ஷெட்டைக் காலி செய்யச் சொல்லி, பிளைவுட் வாங்கிப் போட்டு, படகு கட்ட உட்கார்ந்துவிட்டீர்கள்.

மலைமேல் படகு கட்டுகிறார் என்று தலைச்சோலையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் பிறந்த ஊர் என்பதால் அவர்களுக்கு உரிமை அதிகம். மிளகுக் கொடி ஏறியிருந்த நல்ல சில்வர் ஓக் மரத்தை வெட்டிச் செதுக்கிப் படகுக்குக் கம்பம் ஆக்கினீர்கள். கொடியோடு போனது அக்காவின் மிளகு. கட்டி முடித்த படகை எஸ்டேட் குட்டையில் விட்டு ஓட்டிப் பார்த்தீர்கள். அந்தக் குட்டையில் வாத்து நீந்தினாலே தரை தட்டும். நங்கூரத்துக்குக் கயிறு வாங்கியதும் அந்தக் குட்டையில் அளந்து பார்த்துத்தான். அப்போதே நான் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, கடல் இதைவிட ஆழமா இருக்காதுங்களா?"

"மாப்ளே, நான் கரையோரமாத்தான் போறேன். நடுக்கடலுக்கா போறேன்? உனக்குப் பஸ்ஸத் தவிர எதுல ஏறுனாலும் பயம்," என்றீர்கள். அந்தக் கயிறு பிறகு வருகிறது, மறந்துவிடாதீர்கள்.

படகை மினி லாரியில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கிய அன்று நான் லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தேன். கம்பம் லாரியை விட நீளம். ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே ஏறி வந்த பஸ்ஸின் கண்ணாடிக்கு நேரே போய் நின்றது. பஸ்ஸும் நகர முடியவில்லை, நாமும் நகர முடியவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, கப்பலை எங்கீங்க ஓட்டிட்டுப் போறீங்க? கடல் இந்தப் பக்கம் இல்லீங்களே!" என்று கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது. உங்களைப் பார்த்து ஊரே சிரித்து நான் கேட்ட ஒரே தரம் அது. மனசாரச் சொல்கிறேன், அன்றைக்கு மட்டும் எனக்கு உங்கள் படகைப் பிடித்திருந்தது.

பாண்டிச்சேரியிலிருந்து நாகப்பட்டினம் வரை, கரையை ஒட்டியே, தனியாக. அதுதான் உங்கள் திட்டம். தனியாக என்ற வார்த்தையை நீங்கள் எத்தனை ஆசையோடு சொன்னீர்கள்! நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா எங்கள் ஊட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாமி, நீ லீவு போட்டுட்டு அவுங்களோட போ."

"படகுல ரெண்டு பேருக்கு எடமில்லக்கா."

"படகுல யாரு ஏறச் சொன்னா? நீ பஸ்ல போ. சாயங்காலம் அவுங்க எங்க கரையேறறாங்களோ அங்க நீ நின்னாப் போதும். எனக்கு அது போதும் கண்ணு."

நான் வந்தது உங்களுக்காக இல்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் உங்களைத் தள்ளிக் கடலில் விட்டுவிட்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். கடலூர், பரங்கிப்பேட்டை, பழையாறு, பூம்புகார். உங்களுக்குக் காற்று நேராகக் கொண்டுபோய் விடும். எனக்கு மூன்று பஸ் மாற வேண்டும். தோளில் ஒரு பை, கையில் தண்ணீர்க் கேன், கக்கத்தில் அக்கா கொடுத்தனுப்பிய சிவப்புக் கம்பளி. சாயங்காலம் கடற்கரையில் எவரிடமாவது ஒரு கழி வாங்கி அதில் கம்பளியைக் கட்டித் தூக்கிப் பிடித்தால் நீங்கள் அதைப் பார்த்துத் திரும்புவீர்கள். கை கடுக்கும். மீன்பிடிக்கிற ஜனங்கள் சுற்றி நின்று, எதற்குக் கம்பளியைக் காயப்போடுகிறீர்கள் என்று விசாரிப்பார்கள். நீங்கள் கரையேறி ஈர உடுப்பைக் கழற்றி என்மேல் எறிந்துவிட்டு, "இன்னிக்குக் காத்து எப்படி தெரியுமா மாப்ளே!" என்று ஆரம்பிப்பீர்கள். காற்று எப்படி என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் டீ வாயில் வைக்கிற மாதிரி இருக்கும் என்று தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

படகிலிருந்து இறங்கி மணலில் நிற்கும் உங்களைப் போட்டோ எடுத்ததும் நான்தான். நல்ல படம் அது. நீங்கள், படகு, பின்னால் ஒன்றுமே இல்லாத கடல். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்ததால் என் நிழல் நீளமாக விழுந்து உங்கள் காலடி வரைக்கும் வந்திருந்தது. ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினீர்கள். மாட்டிய படத்தில் நிழல் இல்லை. வெட்டிவிட்டீர்கள். தனியாகக் கடலில் போனவரின் படத்தை எடுத்தது யார் என்று பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இனி அந்தப் பனிக்கு வருகிறேன்.

பூம்புகாரில் இருட்டு விலகும்போது உங்களைத் தள்ளிவிட்டேன். தை மாதம். தண்ணீர் மேல் லேசாகப் புகை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நான் தரங்கம்பாடியில் போய் இறங்கும்போது கடலே இல்லை. கடற்கரை மணல் பத்தடிக்கு அப்பால் முடிந்துவிட்டது, அதற்குமேல் வெள்ளை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடலுக்குப் போகாமல் படகடியில் உட்கார்ந்திருந்த ஒரு மீனவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னா சார், யாரத் தேடுறீங்க?"

சொன்னேன். சின்னப் பாய்ப்படகு, ஒரே ஆள், மலையிலிருந்து வந்தவர் என்றேன்.

"மலைக்காரரா? பனியப் பார்த்தா என்னா செய்வாரு? கரையப் பார்த்துத் திருப்பிருவாரா?"

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் மலையில் பிறந்தவன் எவனும் செய்வதைத்தான் செய்வீர்கள். மேகம் இறங்கினால் நாம் நகர மாட்டோம். காப்பிச் செடிக்குள் ஓரடி தப்பினால் சரிவு, அதனால் இருந்த இடத்தில் அப்படியே நிற்பது சின்ன வயதிலிருந்து காலுக்குப் பழக்கிவிட்ட பாடம்.

"பாய எறக்கிட்டு, நங்கூரத்தப் போட்டுட்டு, அங்கயே நிப்பாருங்க," என்றேன்.

"கடல்ல ஏது சார் அங்கயே? நங்கூரக் கயிறு எவ்வளவு?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தரையே தொட்டிருக்காது. தண்ணி தெக்கால இழுத்துட்டுப் போவுது. அவரு நிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பாரு. நாங்க போட்டை எடுக்குறோம் சார், ஆனா எந்தப் பக்கம்னு போவ?"

இப்போது நம் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும்தான், தெரிந்துதானே செய்தீர்கள். மேகத்தில் மாட்டியவன் நின்ற இடத்திலிருந்து "ஓ…ய்" என்று குரல் கொடுப்பான். அது யார் காதில் விழுகிறதோ அவர் "வா…" என்று பதில் கொடுக்க வேண்டும். யார், என்ன என்று கேட்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பேரை மேகம் எடுத்துக்கொள்ளும் என்று நம் பெரியவர்களுக்கு ஒரு பயம். பதில் கொடுத்தவர் கைவேலையைப் போட்டுவிட்டு, கூப்பிட்டவன் வந்து சேரும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்து சேர்ந்தவன் அவர் கையைத் தொட்டு "வந்துட்டேன்" என்று சொல்வான். சொன்னால்தான் அவருக்கு விடுதலை. பகையாளியாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போகிறவன் மாரமங்கலத்திலிருந்து கரடியூர் வரைக்கும் கிடையாது. ஒருவரைத் தவிர.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் கூப்பாடு வரவில்லை. அலையும் பனியும்தான். எவ்வளவு நேரம் நின்றேனோ, பொறுக்க முடியாமல் வழக்கத்தைத் தலைகீழாக்கினேன். யாரும் கூப்பிடாமலேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன். கடலைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல் மேல் ஏறி நின்றுகொண்டு "வா… வா…" என்று கத்தினேன். அக்காவின் கல்யாண நாளிலிருந்து உங்களுக்கு வாங்க, போங்க என்று மரியாதை கொடுத்த வாய் அது. மீனவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கல் முடிந்ததும் இறங்கி, தெற்குப் பார்த்து மணலில் நடந்துகொண்டே கத்தினேன். மஸ்டரில் தினமும் நூறு பேரைக் கூப்பிடும் தொண்டை, மாமா, அதற்கே கட்டிக்கொண்டது.

அப்புறம் கேட்டது. தெற்கே, நான் நினைத்ததைவிட வெகு தூரத்தில். "ஓ…ய்."

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது பேங்க் ஆபீஸர் குரல் இல்லை. பந்தலில் நாலு பேரைச் சிரிக்க வைத்த குரல் இல்லை. அழுகை கட்டிய குரல். நான் "வா" என்றால் உடனே "ஓய்", நான் மூச்சு வாங்க நிறுத்தினால் பதறிப்போய் இரண்டு தரம் "ஓய், ஓய்". நிறுத்தாதே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் நிறுத்தவில்லை. நீங்கள் துடுப்புப் போட்டு என் குரலைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். படகு முதலில் நிழலாகத் தெரிந்தது, பிறகு மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அலைக்குள்ளிருந்து இழுத்துப் போட்டார்கள்.

நான் தண்ணீருக்குள் வந்து கையை நீட்டினேன். உங்கள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தீர்கள், சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தீர்கள், தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள். நீட்டிய என் கையில் ஈரக் கயிறைக் கொடுத்துவிட்டு, "டிபன் வாங்கிட்டியா மாப்ளே? இட்லியா பூரியா?" என்றீர்கள்.

பூரி. அதையும் வாங்கி வைத்திருந்தேன்.

நாகப்பட்டினத்தில் பயணம் முடிந்தது. ஏற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். "கடலும் நானும் மட்டும்," என்று ஆரம்பித்தீர்கள். பனியில் சிக்கிய கதைக்கு வந்தபோது மண்டபமே மூச்சுவிடவில்லை. "காம்பஸை நம்பினேன். கரை சேர்ந்தேன்," என்றீர்கள். கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் உங்களை ஒதுக்கிக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, அந்தப் பனியில காம்பஸா உங்களை வான்னு கூப்பிட்டுச்சு?"

"மாப்ளே, ஜனங்களுக்கு ஒரு கதை வேணும். அந்தக் கதையில நீ எதுக்கு?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனீர்கள்.

என்னை மேடையில் ஏற்றி மாலை போடச் சொல்லவில்லை மாமா. பேரைக்கூடச் சொல்ல வேண்டாம். "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை. யாரும் இல்லாத இடத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒருமுறை ஊட்டுக்கு வந்து உள்ளேன் ஐயாவா என்று கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். அக்காவிடம் ஒருநாள் புலம்பினேன். "உடு கண்ணு. அவுங்களுக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குது," என்றாள். எனக்கு அதுவும் இல்லையே என்று நான் சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. நான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். எனக்கு வாய்த்தது அதுதான்.

உங்கள் சிநேகிதர்கள் சேர்ந்து கரடியூர் வியூ பாயிண்ட்டில் உங்கள் நினைவாகக் கல் பெஞ்சு ஒன்று போட்டார்கள். கடலில் போனவருக்கு, கடலே தெரியாத இடத்தில் பெஞ்சு. சாய்கிற பலகைக் கல்லில் உங்கள் பேர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: கடலில் தன்னந்தனியாகப் பாய்மரப் படகோட்டியவர். வெட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார்கள். தன்னந்தனியாக என்பதை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் என்னங்க விசேஷம் இருக்குது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் போன வாரம் திறப்பு விழாவில் மைக்கைக் கொடுத்து மச்சான் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்றபோது, நான் முடிவு செய்துகொண்டுதான் எழுந்தேன்.

"எங்க மாமா தனியாப் போகலீங்க. அவுரு கடல்ல போனாரு, நான் பஸ்ல போனேன்," என்றேன்.

சிரித்தார்கள்.

"நெசமாத்தானுங்க. கம்பளியைத் தூக்கிப் புடிச்சுட்டு ஒவ்வொரு ஊர்லயும் நின்னது நாந்தான். பனியில அவுரு வந்து சேர்ந்தது காம்பஸப் பார்த்து இல்லீங்க. நான் வா வான்னு கத்துனேன், அதக் கேட்டு வந்தாரு."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டவர், "மச்சான்னா இப்படித்தாங்க இருக்கோணும்! செத்த பொறவும் மாமனை விடமாட்டேங்கறாரு பாருங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். மச்சான் சொன்னால் அது கேலி. அழுதுகொண்டு சொன்னாலும் கேலிதான். அந்த அலைக்குள்ளிருந்து உங்களை இழுத்துப் போட்ட மீனவர் வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு. நீங்கள் மேலே இருந்து அதைப் பார்த்து ரசித்திருப்பீர்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலைதான் அதைப் பற்றிப் பேசினாள். பாய் மேல் மிளகைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே, "சாமி, மைக்குல நீ சொன்னது நெசமா?" என்றாள்.

"எதக்கா?"

"பனியில நீ வா வான்னு சொன்னது."

"நெசந்தான்."

அக்கா கிளறுவதை நிறுத்தினாள். "கடல்ல இருந்து வந்த பொறவு அவுங்க தூக்கத்துல ஓய் ஓய்னு கூப்புடுவாங்க கண்ணு. வேர்த்து ஊத்தும். பக்கத்துல படுத்திருக்கறவ என்ன பண்ணுவேன்? நானும் மலைக்காரிதான, வா வான்னு பதில் சொல்லுவேன். அஞ்சாறு தரம் சொன்னாத்தான் அடங்குவாங்க. அடங்கறப்ப என் கையைத் தொட்டு ஒண்ணு சொல்லுவாங்க."

"என்ன சொல்லுவாரு?"

"வந்துட்டேன் மாப்ளேன்னு."

அக்கா குனிந்து மிளகைக் கையால் பரப்பிவிட்டாள்.

"பொண்டாட்டியப் போயி மாப்ளேங்கறாங்களேன்னு எனக்குச் சிரிப்பா வரும். விடிஞ்சு கேட்டா, ஒண்ணுமில்லே போடின்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. சாகற வரைக்கும் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. எனக்கு இப்பத்தான் வெளங்குது." பிறகு, மிளகுத் தூசியோடு இருந்த கையால் என் மணிக்கட்டைத் தொட்டாள். "உனக்குச் சேர வேண்டியத நான் வாங்கி வெச்சிருந்திருக்கறேன். இந்தா."

உங்களுக்கு என்ன சொல்வேன் மாமா. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. தூக்கத்தில் சொல்வதா? விழித்திருக்கும்போது எதிரில் நான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இருட்டில், நான் இல்லாத ஊட்டில், அர்த்தம் தெரியாத என் அக்காவின் கையைத் தொட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்வதைவிட அந்தப் பனிக்குள் தினமும் திரும்பிப் போவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. என்ன மனுஷன் நீங்கள்! களத்தை விட்டு வெளியே வந்து, காப்பிச் செடிக்குள் நின்று உங்களை வாய்விட்டு வைதேன். வைதுகொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பெஞ்சுக்கு வந்தேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறேன். தன்னந்தனியாக என்ற வார்த்தைமேல் முதுகு பொருந்துகிற மாதிரி உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்துகொள்வேன். யாராவது போட்டோ எடுக்க வந்து நகரச் சொன்னால் நகர மாட்டேன். எழுத்தைக் கல்லில் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், முதுகில் உறுத்துகிறது.

இப்போது மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கு போய்விட்டது, எதிரில் இருந்த கம்பி வேலியும் போய்விட்டது. காகிதம் மட்டும் தெரிகிறது.

ஒன்று யோசித்தேன் மாமா. கல்லில் வெட்டியிருப்பது இப்போதுதான் நிஜமாகியிருக்கிறது. நீங்கள் தனியாகப் போன பயணம் இது ஒன்றுதான். நான் எந்த பஸ் ஏறினாலும் அந்த ஊரில் போய் இறங்க முடியாது. அங்கே பனி உண்டா, கரை உண்டா என்று யார் கண்டது. இருந்தால் உங்கள் மலைப் புத்தியை நம்பி நில்லுங்கள். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நான் பதில் கொடுப்பேன், எனக்கு அது பழக்கம்தான். இதோ, எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தரம் கொடுக்கப் போகிறேன்.

வைதுகொண்டேதான் கொடுப்பேன்.